அம்மனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்

என் எலும்புக்குள் புற்றுநோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நான் "ஆமாங்க" என்றேன். பயம் வந்தால் என் வாயில் அந்த ஒரு சொல்தான் வரும். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

மாரியம்மனை நம்பியிருக்கும் அன்பான ஜனங்களே, இந்தத் திருவிழாவில் என்னை மேடையேறிப் பேசச் சொன்னார்கள். பத்துப் பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பதுளைப் பக்கத்து நமுனுகுல மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த அடுத்த வருஷம் எனக்கு இடுப்பில் வலி பிடித்தது. நாள் முழுக்கக் குனிந்து தேயிலைச் செடியை வெட்டுகிறவனுக்கு இடுப்பு வலி என்ன புதுசா? தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கொடுக்க நிற்கும்போது நிமிர முடியாது. பக்கத்து வீட்டு முத்துசாமி அண்ணன் சும்மா இருக்கமாட்டார்.

"என்னடா, செடிய வெட்டச் சொன்னா இடுப்ப வெட்டிக்கிட்டு நிக்கிற?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது விலாவும் வலித்தது.

பிறகு ஒரு நாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது புரையேறி இருமினேன். விலாவில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு இழுக்க முடியவில்லை. இருமினால் எலும்பு முறியுமா? தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையேப்பா" என்றார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பயம் அது.

பதுளை ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள். அங்கிருந்து கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் என் மனைவி பாக்கியமும் காலை ரயிலில் போனோம். சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் வள்ளியை முத்துசாமி அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம்.

அங்கே நெஞ்செலும்பில் ஊசி குத்தி உள்ளே இருக்கிற மச்சையை எடுத்தார்கள். அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். என் மண்டையோட்டின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வண்டு துளைத்த தேயிலைக் கிளை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. கவ்வாத்து மலையில் அந்த மாதிரிக் கிளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தியே வேண்டாம், கை பட்டாலே ஒடியும். அது என் தலை என்று நம்ப முடியவில்லை.

"இது எலும்பு மச்சையில வாற புற்றுநோய்" என்றார் டாக்டர். "முழுசாச் சுகமாக்கேலாது. நான் உமக்குப் பொய் சொல்லமாட்டன். ஆனா அடக்கி வைக்கலாம்."

"ஆமாங்க."

"விளங்குதோ?"

"ஆமாங்க."

"இவருக்கு ஒண்ணும் வெளங்கலங்க ஐயா" என்றாள் பாக்கியம். "எனக்குச் சொல்லுங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சொன்னார். மூன்று வழி இருக்கிறதாம். ஒன்று, இடுப்பில் வலிக்கிற இடத்துக்குக் கரண்ட் பிடிப்பது, அதாவது கதிர் பாய்ச்சுவது. அதில் வலி குறையும், ஆனால் உடம்பில் மற்ற இடத்தில் இருக்கிற நோய் அப்படியே இருக்கும். இரண்டாவது, வார்டில் தங்கி நரம்பில் ஏற்றுகிற மருந்து. அதில் முடி கொட்டும், மூத்திரத்தில் ரத்தம் போனாலும் போகும். மூன்றாவது மாத்திரை. மெல்பலான் என்று ஒன்று, பிரட்னிசொலோன் என்று ஒன்று. நாலு நாள் விழுங்கிவிட்டுப் பல வாரம் சும்மா இருக்கவேண்டும். பிறகு ரத்தம் சோதித்துவிட்டு மறுபடியும் நாலு நாள். அதை வீட்டில் இருந்தே சாப்பிடலாம்.

"என்ர யோசனை, முதல்ல கொஞ்ச நாள் கரண்ட் பிடிச்சுப்போட்டு மாத்திரையைத் தொடங்குவம். ஆனா ஒண்டு." விரலை நீட்டிப் பாக்கியத்திடம் சொன்னார். "இந்த மாத்திரை நோயையும் கொல்லும், நோயோட சண்டை பிடிக்கிற சக்தியையும் கொல்லும். காய்ச்சல் எண்டாலும் கொப்புளம் எண்டாலும் வீட்டில வச்சிருக்காதையும். மாத்திரையை நிப்பாட்டிப்போட்டு உடன ஆஸ்பத்திரிக்கு வரவேணும். அண்டைக்கே வரவேணும்."

பாக்கியம் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

கரண்ட் பிடிக்க வார்டில் தங்கினேன். என் பக்கத்துக் கட்டிலில் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டுகிற ஒரு சிங்கள ஆள் இருந்தார். அவருக்கும் இதே நோய், இதே மாத்திரை. என்னை மல்லி, தம்பி என்றுதான் சிங்களத்தில் கூப்பிடுவார். காய்ச்சலோடு வீட்டில் கிடந்துவிட்டு வந்தவர். படுத்து எழும்பினால் சரியாகிவிடும் என்று நினைத்ததாகச் சொன்னார். பேசும்போது அவர் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம் சோறு கொண்டு வந்தபோது அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வைத்திருந்த சோற்றையும் எனக்கே தரட்டுமா என்று கேட்டார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் நான் உண்மையாகக் கும்பிட்டேன். அதுவரைக்கும் திருவிழாவுக்குக் கரகத்தின் பின்னால் நடந்திருக்கிறேன், தீ மிதித்திருக்கிறேன். ஊரோடு சேர்ந்து செய்தது அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடந்துதான், "தாயே, எனக்குப் பயமா இருக்கு. கையை விட்டுடாத" என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பினோம். முதல் தடவை மாத்திரை சாப்பிட்டபோது வாந்தி. சோறு வேகிற வாசனையே ஆகவில்லை. இரண்டாம் தடவைக்குப் பிறகு ஒருவரும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினேன். பதுளையில் ரத்தம் சோதித்துவிட்டு, வெள்ளை அணு குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் மருந்து வேலை செய்கிறது என்றார்கள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தோட்டத்துக் குளிர் கூட நன்றாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் லயத்தில் அம்மா இறங்கினாள்.

ஒரே கூரையில் வரிசையாக ஒட்டிய வீடுகள். முதலில் மேல் வீட்டுப் பிள்ளைக்கு. பிறகு எங்கள் வள்ளிக்கு. சின்னம்மைதான். மற்ற வீடுகளில் அது பெரிய விஷயமில்லை. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மா வந்த வீட்டின் முறை உங்களுக்குத் தெரியும். தாளிக்கக் கூடாது. மருந்து தொடக் கூடாது. வீட்டு ஆள் வெளியே போகக் கூடாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. அந்த வீட்டார் கோயில் படி ஏறக் கூடாது. மீறினால் அம்மாவுக்குக் கோபம் வரும். ஒரு வீட்டோடு நிற்காது, லயத்தையே வாரிவிடும். இதை நாங்கள் பால் குடிக்கிற நாளிலிருந்து நம்புகிறோம்.

லயத்து வீடு ஒரே காம்பரா, ஒற்றை அறை. பிள்ளை ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். என்னை ஹாலிஎலவில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடப் பாக்கியம் பார்த்தாள். முத்துசாமி அண்ணன் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்.

"அம்மா இருக்கிற வீட்டுல இருந்து ஆள வெளிய அனுப்புறியா? அவ கோவிச்சுக்கிட்டா என் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

அவர் மேல் தப்பில்லை. அவருக்கு நாலு சின்னப் பிள்ளைகள். நானே பாக்கியத்திடம் வேண்டாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நோயைவிட அம்மாவின் கோபத்துக்குப் பயம் அதிகம். கூப்பிட்ட குரலுக்கு வந்தவளை விட்டுவிட்டு ஓடுவதா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வயிற்றைப் பார்த்தேன். கொசு கடித்த தடத்தைக்கூட விரலால் அழுத்திப் பார்த்தேன். வள்ளிக்குக் கொப்புளம் காய்ந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பாக்கியம் அன்றைக்குத்தான் சிரித்தாள். அன்று சாயங்காலமே எனக்குக் குளிர் எடுத்தது. சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

மொனராகலைக்காரரின் கட்டில் கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுநாள் காலையில் முகம், தலை, வாய்க்குள்ளே எல்லாம் வந்துவிட்டது. மூச்சு இழுத்தால் நெஞ்சில் கொர்ரென்று சத்தம். எங்கள் கோயில் பூசாரி மாமா மட்டும்தான் அம்மா வந்த வீட்டுக்குள் வரலாம். அவர் தீர்த்தம் கொண்டு வந்து தெளித்தார். "அம்மா ஒன்மேல முழுசா எறங்கியிருக்காப்பா. அசையாம கெட" என்று சொல்லி, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைக் கும்பிடவில்லை. என் மேல் இருக்கிறவளைக் கும்பிட்டார்.

பாக்கியம், "மாமா, இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். டாக்டரு அன்னைக்கே வரச் சொல்லியிருக்காரு" என்றாள்.

பூசாரி மாமா தயங்கினார். வெளியே நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அம்மாவிடம் பூ வாக்குக் கேட்பது என்று முடிவானது. அம்மன் சிலையின் தலையில் பூ வைத்துக் கேட்பார்கள். வலப் பக்கம் விழுந்தால் சரி. இடப் பக்கம் விழுந்தால் வேண்டாம். நல்லது கெட்டது எல்லாம் எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் கேட்பது.

நான் படுக்கையில் கிடந்தேன். கோயிலில் நடந்ததைப் பாக்கியமும் மற்றவர்களும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மழை தூறிக்கொண்டிருந்ததாம். பூ வாக்குக்காகப் பாக்கியத்தை மட்டும் வெளியே வரவிட்டார்கள். ஆனால் அம்மா வந்த வீட்டுக்காரி என்பதால் அவள் கோயில் எல்லைக்கு வெளியே, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். பூசாரி மாமா செவ்வரத்தம் பூ ஒன்றை வைத்தார். மணி அடித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பூ விழவில்லை. மறுபடி மணி அடித்தார். வலப் பக்கமும் விழவில்லை, இடப் பக்கமும் விழவில்லை.

"பாத்தியா?" என்றார் முத்துசாமி அண்ணன். "அம்மாவுக்கு இஷ்டமில்ல."

பாக்கியம் அதிகம் பேசுகிறவள்தான், ஆனால் கோயிலில் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டாள்.

"மாமா! அம்மா இவர் மேல எறங்கியிருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா தாயி."

"அப்ப இவரத் தூக்கிட்டுப் போனா அவளும்தானே கூட வருவா? அவள விட்டுட்டா போறோம்? அவளையும் சேத்துத்தானே கொண்டு போறேன். வர இஷ்டம் இல்லைன்னா எறங்கிக்கச் சொல்லுங்க. எறங்கிட்டா நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

அவள் அங்கேயே ஈரத் தரையில் விழுந்து கும்பிட்டாள். "தாயே, கோவம்னா என்மேல காட்டு. அந்த மனுசன் மேல காட்டாத. அது ஏற்கெனவே பயந்து செத்துக்கிட்டு இருக்கு."

பூசாரி மாமா சிலையைக் கும்பிட்டார். பிறகு கையை நீட்டி அந்தப் பூவை எடுத்துவிட்டார். எல்லைக்கு வெளியே நடந்து வந்து பாக்கியத்தின் மடியில் போட்டார்.

"மழை ஈரத்துல ஒட்டிக்கிச்சு. இது எப்ப விழுறது, நீ எப்ப போறது? நானே எடுத்துக் குடுக்கிறேன். அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போ. மரியாதையாக் கூட்டிக்கிட்டுப் போ."

விழாத பூவை அவர் எடுத்தது சரியா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். நான் கேட்டதை அம்மன் அந்தக் கையால் கொடுத்தாள் என்றுதான் நான் நம்புகிறேன். இந்தச் சாட்சியில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பூசாரி சொன்ன பிறகு லயமே மாறிவிட்டது. மழைக்குப் போர்த்துகிற கம்பளியை இரண்டு கம்பில் கட்டித் தூளி செய்தார்கள். எனக்கு மஞ்சள் துணி போர்த்தினார்கள். சுற்றிலும் வேப்பிலை செருகினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். திருவிழாவில் அம்மன் ஊர்வலம் போகிற மாதிரி மலைப் பாதையில் என்னை இறக்கினார்கள். முதல் கம்பைப் பிடித்தவர் முத்துசாமி அண்ணன்.

"அம்மாவத்தான்டா தூக்குறேன்" என்றார் மூச்சு வாங்க. "ஒனக்காகன்னு நெனச்சுக்காத. நீ இந்தக் கனம் கனக்கமாட்ட."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூளி ஆடும்போதெல்லாம் எலும்பு ஒடிந்துவிடுமோ என்று பயம். அம்மா கோபித்துக்கொண்டாளோ என்று பயம். ரோட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி நின்றது. கொழுந்துச் சாக்குகளின் மேல் என்னைக் கிடத்தினார்கள். பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பதுளையில் அவள் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை, "இவர் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுறவர்" என்பது. உடனே தனி அறையில் போட்டார்கள். ஊசி, சேலைன், மூக்கில் குழாய். சின்னம்மை நெஞ்சுக்குள்ளும் போய்விட்டது என்றார்கள். கொழும்பு டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டார்கள். பிழைப்பான் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த அறையில் நான் பட்ட பயம் எதிரிக்கும் வேண்டாம். கண்ணை மூடினால் தண்ணீருக்குள் போகிற மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் நெருப்பு. "கூட்டிக்கிட்டு வந்துட்டேன் தாயே, கோவமா? வாய் திறந்து ஒண்ணு சொல்லு" என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

காலையில் வயதான ஒரு சிங்கள அட்டெண்டன்ட் அம்மா என்னைத் துடைக்க வந்தார். தலைமாட்டில் பாக்கியம் வைத்திருந்த வேப்பிலையைப் பார்த்தார். எடுத்து எறியப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "தெய்யங்கே லெட" என்றார். தெய்வத்தின் நோய் என்று அர்த்தம். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். கும்பிட்டு முடித்து, "கை நீட்டு மகனே, ஊசி போட நர்ஸ் வர்றாங்க" என்று சிங்களத்தில் சொல்லி, என் கையைத் தானே பிடித்துக்கொண்டார்.

கும்பிட்டதும் அதே கை. ஊசிக்குப் பிடித்ததும் அதே கை. எனக்கு அழுகை வந்தது. நான் கேட்டதற்கு அம்மன் பதில் சொல்லிவிட்டாள் என்று அங்கேயே தெரிந்தது. பயம் போகவில்லை. ஆனால் அவள் கோபமாக இல்லை என்று தெரிந்தது.

ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி இறங்கியது. பதுளை டாக்டர் பாக்கியத்திடம், இன்னும் ஒரு நாள் லயத்தில் வைத்திருந்தால் கொண்டு வந்திருக்கத் தேவையே இருந்திருக்காது என்றார். அவள் என் தலைமாட்டு வேப்பிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உடம்பு தேறிய பிறகு கொழும்புக்குப் போனோம். யாழ்ப்பாணத்து டாக்டர் என் முகத்துத் தழும்புகளைப் பார்த்தார். "ஆர் உம்மைக் கொண்டு வந்தது?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லாமல் முதல் தடவையாக, "அம்மனும் என் சம்சாரமும்ங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மருந்தை மாற்றலாமா என்று யோசித்து, அதே மாத்திரைதான் எனக்கு ஒத்து வருகிறது, அளவைக் குறைத்துக் கொடுப்போம் என்று முடிவு செய்தார். பிறகு பல தடவை சாப்பிட்டேன். ஒரு கட்டத்தில் நோய் அடங்கியிருக்கிறது, நிறுத்திப் பார்ப்போம் என்றார். திரும்பி வரலாம் என்றும் சொன்னார். இப்போதும் அவர் பொய் சொல்வதில்லை.

வருஷங்கள் போய்விட்டன. கவ்வாத்துக் கத்தி தூக்க முடியாது. நாற்று மேடையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வள்ளியின் கல்யாணத்தில் சொந்தக் காலில் நின்றேன். எங்கள் தோட்டத்தில் இப்போது ஒரு வீட்டில் அம்மா இறங்கினால், ஆஸ்பத்திரி மருந்து சாப்பிடுகிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் யாரும் அங்கே இருக்கிறார்களா என்று பூசாரி மாமாவே முதலில் கேட்கிறார். இருந்தால் மரியாதையாகக் கூட்டிப் போகச் சொல்கிறார். ஒரு தடவையும் லயத்துக்குக் கெடுதல் வந்ததில்லை. யாருக்காவது கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயம் என்றால் என்னைத் தேடி வருகிறார்கள். நான் வழியில் அதிகம் பேசமாட்டேன். கூட உட்கார்ந்து போவேன். டாக்டர் சொல்வது விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று கூட வந்தவருக்காக நான் சொல்வேன். அதை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி ரத்தச் சோதனை. இப்போதே நாள் எண்ணுகிறேன். அம்மனை நம்பினால் பயமே வராது என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். எனக்கு வருகிறது. உங்களுக்கும் வரும். பயந்துகொண்டே கும்பிடுங்கள், அவள் கேட்பாள். கும்பிட்டு முடித்ததும் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். பஸ் ஏறுங்கள். அவள் கூடவே வருவாள்.